ஜன்னலில்லாத அறையைப் பார்க்கப் போனேன்

இந்தப் பதிவில் நாவலின் பெயரையோ தெருவின் பெயரையோ எழுதப்போவதில்லை. ஏனென்று படித்தால் தெரியும்.

கல்லூரியில் அந்தப் பழைய நாவலைப் படித்த நாளிலிருந்து, அதில் வரும் வீட்டைப் பார்த்தே தீர வேண்டும் என்று எனக்கொரு பைத்தியம். ஜன்னலே இல்லாத பின்னறையில் மருமகளைப் பூட்டி வைக்கிறார்கள்; அங்கேயே செத்துப்போகிறாள். அந்த அறையை எடுத்துவிட்டால் நாவலே இல்லை. போடியில் ஏலக்காய் வியாபாரி ஒருவரின் வீட்டைப் பார்த்து எழுதியது என்று கேள்விப்பட்டு, போன பிப்ரவரியில் ஒரு ஞாயிறு கிளம்பினேன்.

மதுரையில் காலை ஆறரைக்குப் பேருந்து. தேனி எழுபத்தைந்து கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். அங்கிருந்து போடி பதினைந்து கிலோமீட்டர், அரை மணி. ஆட்டோவுக்கு அறுபது ரூபாய்.

தெருமுனையில் ஒரு வேனிலிருந்து பூவும் பழத்தட்டுமாக ஏழெட்டுப் பேர் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் வழி கேட்டேன். ஏலக்காய்க்காரர் வீடு என்று மட்டும் கேட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா?

“மருமகளைப் பூட்டி வச்சுக் கொன்ன வீடு, கதையிலகூட வருமே, ஏலக்காய்க்காரர் வீடு, அது எதுங்க?”

பெரியவர் ஒருவர் தன் மனைவியைப் பார்த்தார். “நாங்களும் அங்கனதான் வந்தோம்” என்றார். எல்லோரும் திரும்ப வேனில் ஏறினார்கள். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. பக்கத்துக் கடையில் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தேன்.

வாசலில் பட்டுச்சேலையில் ஓர் அம்மா நின்றிருந்தார். “வாங்க தம்பி, மாப்ள வீடா? மத்தவுக பின்னால வர்றாகளா?” பதில் சொல்வதற்குள் நேராகப் பின்னறைக்கே அழைத்துப் போனார். சுவரில் புது ஜன்னல். சிமெண்ட் ஈரம் இன்னும் காயவில்லை.

“நல்லாப் பாருங்க. இது ஏலக்கா மூட்ட வச்சிருந்த அறை; வெளிச்சம் பட்டா காயோட பச்ச வெளுத்துரும், அதான் அந்தக் காலத்துல ஜன்னல் வைக்கல. கத எழுதுனவுக அடுத்த வீட்லதான் குடியிருந்தாக. ஒரு வார்த்த கேக்கல. எம்மகளுக்கு ரெண்டு சம்பந்தம் இதாலயே தட்டிப்போச்சு. இதுவும் போயிரக் கூடாதுன்னுதான் சுவரை இடிச்சேன்.”

அப்போது மகள் போனோடு வந்தாள். “அம்மா, அவுக திரும்பிப் போறாகளாம்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நடந்ததை ஒப்புக்கொண்டேன். அந்த அம்மா திட்டவில்லை. அழுதார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தெருமுனையில் பார்த்த பெரியவர்தான் மாப்பிள்ளையின் அப்பா; அவர் எண்ணை வாங்கி அங்கேயே நின்று பேசினேன். ஏலக்காய், வெளிச்சம், எல்லாம் சொன்னேன். அந்த வீட்டில் யாரும் சாகவில்லை என்று சத்தியம் செய்தேன்.

போடிக்குப் போகிறவர்கள் மலையைப் பாருங்கள், கடைத்தெருவில் ஏலக்காய் வாங்குங்கள். திரும்பத் தேனிக்கு அடிக்கடி பேருந்து உண்டு. அந்த வீட்டை மட்டும் தேடாதீர்கள். அந்தப் பெரியவர் போனை வைக்குமுன் கேட்டது இதுதான்.

“இப்ப ஏலக்காங்கிறீக. தெருமுனையில கொன்ன வீடுன்னு நீங்கதான சொன்னீக?”