இழுக்கிற குளிசை

வெந்நீர்ச் சட்டியிலிருந்து எழும் யூக்கலிப்டஸ் எண்ணெயின் நெடி கண்ணைக் கரிக்கும். சட்டியின் மேல் போர்வைக்குள் குனிந்திருக்கும் என் மூத்தவள், ராத்தாவின் நெஞ்சிலிருந்து பூனைக்குட்டி கத்துவதுபோல் ஒரு சத்தம் வந்துகொண்டேயிருக்கும். புத்தளத்தில் களப்புக் காற்று உப்பையும் தூசியையும் அள்ளிக்கொண்டு வரும் மாதங்களில் எங்கள் வீட்டு விடியல் அப்படித்தான் இருந்தது.

மருந்தை எங்கள் உம்மா மூன்றாகப் பிரித்து வைத்திருந்தார். கரண்டியில் ஊற்றிக் குடிப்பது "பாணி", தேத்தண்ணியோடு விழுங்குவது "குளிசை", நெஞ்சிலும் முதுகிலும் தேய்ப்பது "எண்ணெய்". ஊசியை அவர் மருந்தில் சேர்ப்பதில்லை, அது தண்டனை. இந்த மூன்றுக்கும் வெளியே ஒரு மருந்து இருக்கக்கூடும் என்று எங்களில் எவருக்கும் தோன்றியதில்லை.

ராத்தாவுக்கு அப்போது பதினைந்து வயதிருக்கும். மன்னாரிலிருந்து தொண்ணூறாம் ஆண்டில் விரட்டப்பட்டு வெறுங்கையோடு வந்து உப்பளத்தில் வேலை செய்த எங்கள் வாப்பா, களைத்து வந்து அமர்ந்ததும் முதலில் கேட்பது அவளுடைய குர்ஆன் ஓதலைத்தான். அத்தனை இனிய குரல். ஆனால் "முட்டு" என்று நாங்கள் சொல்லும் மூச்சிரைப்பு வந்துவிட்டால் ஒரு வசனத்தை மூன்று துண்டாக உடைத்துத்தான் அவளால் ஓத முடியும். மதுரங்குளியில் நடக்கவிருந்த கிராஅத் என்னும் குர்ஆன் ஓதல் போட்டிக்குப் பாடசாலை அவளைத் தெரிவுசெய்திருந்த அந்த வருடம் முட்டும் என்றுமில்லாத அளவுக்கு முற்றியிருந்தது.

கிளினிக்கில் இரண்டு வகை கேப்சூல் கூட்டுக் குளிசைகளும், விசில் போன்ற ஒரு பிளாஸ்டிக் சாமானும் கொடுத்தார்கள். சனநெரிசலில் யாரோ சிங்களத்தில் வேகமாக ஏதோ விளக்க, உம்மா தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். குளிசைகளை ராத்தா வேளை தவறாமல் விழுங்கினாள். பிளாஸ்டிக் சாமானை, "புள்ளையளுக்கு விளையாடக் குடுத்திரிக்காங்க போல" என்று உம்மா என்னிடம் தந்தார். நான் அதை ஊதிப் பார்த்தேன், சத்தம் வரவில்லை.

வாரங்கள் போயும் முட்டு இறங்கவில்லை. "இந்த மருந்து இவளுக்குப் புடிக்கல்ல. போட்டிக்கு வேற யாரயும் அனுப்பச் சொல்லி நாளைக்கு ஸ்கூல்ல சொல்லிட்டு வாறன்" என்றார் வாப்பா. ராத்தா எழுந்து போய் ஒரு குளிசையை எடுத்து, அதன் கூட்டை இரண்டாகப் பிரித்து உள்ளங்கையில் தட்டினாள். ஊசிமுனையில் எடுக்கும் அளவுக்கு வெள்ளைத் தூள் விழுந்தது.

"இவ்வளவு கொஞ்சத் தூளுக்கு இவ்வளவு பெரிய கூடு என்னத்துக்கு உம்மா?"

ராத்தாவின் பார்வை என் கையிலிருந்த சாமானில் நின்றது. அதை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். ஒரு பக்கத்தில் சின்னத் துவாரம் இருந்தது. புதிய குளிசை ஒன்றை அதில் செருகினாள். அளவெடுத்துச் செய்ததுபோல் அது உள்ளே போய் உட்கார்ந்தது.

"கிளினிக்குக்குப் போவம்" என்றாள். "இன்டைக்கு கிளினிக் நாள் இல்லயே" என்று உம்மா இழுக்க, அவள் பர்தாவை எடுத்துக்கொண்டு வாசலுக்கே போய்விட்டாள். நானும் கூடவே ஓடினேன்.

அங்கிருந்த சிங்களத் தாதி, ராத்தா காட்டிய பொருளைக் கண்டதும் விஷயத்தை விளங்கிக்கொண்டார். "நங்கி, தங்கச்சி, முழுங்க இல்ல. இழுக்க. வயித்துல இல்லதானே வருத்தம்?" என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். சாமானைத் திருகினார். உள்ளே கூடு உடைந்தது. மூச்சை முழுக்க வெளியே விட்டு, பிறகு ஆழமாக இழுத்து, இழுத்ததை உள்ளேயே நிறுத்தி வைக்க வேண்டும் என்றார். ஒரு வகை, முட்டு வந்தால் உடனே மூச்சைத் திறந்துவிடும்; மற்றது, வராமல் தடுக்க நாள்தோறும் இழுப்பது, இழுத்த பின் வாய் கொப்பளிக்க வேண்டும்.

"மூச்சப் புடிச்சி வெக்க ஏலுமா?" என்று தாதி கேட்டார்.

"ஓம், அது எனக்குப் பழக்கம்" என்றாள் ராத்தா. கிராஅத் ஓதுகிறவர்கள் பழகுவதே அதைத்தானே.

வெந்நீர்ச் சட்டி மெல்ல மெல்ல அடுப்பங்கரை மூலைக்குப் போனது. போட்டியன்று மண்டபத்துக்குள் உம்மாவின் பக்கத்தில் நான் இருந்தேன். உப்பளத்திலிருந்து நேரே வந்த வாப்பா, உடுத்திருந்த உப்புக்கறை படிந்த சாரனுக்கு வெட்கப்பட்டு ஜன்னலுக்கு வெளியே நின்றார். எப்போதும் மூன்றாக உடையும் அந்த நீண்ட வசனத்துக்கு ராத்தா வந்தபோது உம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார். குரல் எழுந்தது, வளைந்தது, நீண்டது, முடிய வேண்டிய இடத்தில் முடிந்தது. இடையில் ஒரு விரிசல்கூட இல்லை. முதலாம் இடம் அவளுக்கென்று அறிவித்தபோது வாப்பா ஜன்னல் வழியே என்னைக் கூப்பிட்டு, "இன்னொருக்கா ஓதச் சொல்லுவாங்களா மகள்?" என்று கேட்டார்.

மருந்து எது என்பதைப் போலவே அது எந்த வழியாக உடம்புக்குள் போகிறது என்பதும் முக்கியம் என்று பின்னாளில் மருந்தாளர் படிப்பில் எனக்குச் சொல்லித்தந்தார்கள். அந்தப் பாடத்தில் எனக்குப் புதிதாக ஒன்றும் இருக்கவில்லை. இன்று என் மருந்தகக் கருமபீடத்துக்கு வருகிறவர்களுக்கு மருந்து எடுக்கும் விதத்தைத் தமிழிலோ சிங்களத்திலோ சொல்லி, என் முன்னால் ஒருமுறை செய்துகாட்ட வைத்தே அனுப்புகிறேன். அந்தக் கூட்டுக் குளிசைகள் இப்போது குறைந்துவிட்டன. அழுத்தினால் சீறும் "பம்ப்" அவற்றின் இடத்தைப் பிடித்துவிட்டது. போட்டி நடந்த பழைய மண்டபத்தையும் இடித்துவிட்டார்கள்.

ராத்தா கனமூலைக் கிராமத்தில் பெண்பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கிறாள். வகுப்பு மேல்மாடியில். போன மாதம் போயிருந்தபோது பார்த்தேன்: பிள்ளைகள் படிக்கட்டின் பாதியில் நின்று இளைத்துக்கொண்டிருக்க, ஐம்பதை நெருங்கும் என் ராத்தா மேலே நின்று, "என்ன, வயசு போயிட்டா உங்களுக்கு?" என்று சிரித்துக்கொண்டிருந்தாள்.