வாய் வாயாக ஊட்டுபவர்

மோட்டாரை நிறுத்திவிட்டால் அந்த வீட்டில் யாரும் தும்மக்கூடாது. பவளம் வளர்க்கும் கண்ணாடித் தொட்டிக்குள் நீரோட்டம் அடங்கி, தண்ணீர் கண்ணாடிபோல நிற்கிறது. மென்னோ சியாடன் முழங்கை நீள உறிஞ்சுகுழாயான பிப்பெட்டைப் பிடித்துக்கொண்டு முக்காலியில் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். எதிரே பாறை இடுக்கில் கைப்பிடி அளவு ஆரஞ்சு மொட்டுகள். சூரியப் பவளம். பெயரில்தான் சூரியன்; வெளிச்சத்தால் அதற்கு நயாபைசா பயனில்லை. மற்ற பவளங்கள் விளக்கொளியை வாங்கிப் பாதி வயிற்றையாவது நிரப்பிக்கொள்ளும். இது அப்படியல்ல, மகாராணி. ஒவ்வொரு வாய்க்கும் தனித்தனியாக ஊட்டவேண்டும்.

உறைபெட்டியிலிருந்து எடுத்த பொடி இறாலைக் கரைத்து, அதன் சாற்றை மட்டும் முதலில் நாலு சொட்டு விடுவார். "வாசம் காட்டணும். எடுத்தவுடனே முன்னாடி போய் நின்னு சாப்பிடு சாப்பிடுன்னா எவன் வாயத் தொறப்பான்?" பிறகு காத்திருப்பு. மொட்டுகள் ஒவ்வொன்றாக விரிந்து, மஞ்சள் விரல்களை நீட்டும்போது, மென்னோவின் உதடும் தானாகத் திறந்துகொள்ளும். வாய்க்கு ஒரு இறாலாக வைத்துவிட்டு, அடி வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலைக் குடைபோல மேலே கவிழ்ப்பார். இல்லையென்றால் தொட்டியில் வசிக்கும் வரி இறால் ஓடிவந்து, பவளத்தின் வாய்க்குள் கையை விட்டு உருவித் தின்றுவிடும். "திருட்டுப்பய. தட்டுல வச்சா சாப்பிடமாட்டான். பிடுங்கித் தின்னாத்தான் அவனுக்கு இறங்கும்."

ஊர்தான் ஜெர்மனியின் எம்டன், ஆள் அப்படியொன்றும் எம்டன் இல்லை. மெலிந்த, தோள் சரிந்த, அறுபதை நெருங்கும் மனிதர். கடற்கரை அணை வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அங்கே கடல் இலவசமாகக் கிடக்கிறது. மென்னோவோ வாளி வாளியாக உப்பு வாங்கிவந்து வீட்டில் கலக்குகிறார். கேட்டால் முகத்தைச் சுளிப்பார்: "அந்தத் தண்ணியா? அதுல எவ்வளவு சேறு தெரியுமா?" கடல் சுத்தமில்லை என்பதால் அவரே ஒன்று செய்து வைத்திருக்கிறார்.

பகலில் அவருக்குத் துறைமுகக் கேண்டீனில் பரிமாறும் வேலை. அங்கே அவர் வாயிலிருந்து வரும் ஒரே சொல் "அடுத்து!" கிரேன் ஓட்டுகிறவர்கள் பனியில் விறைத்துப்போய் வந்து, இன்னும் கொஞ்சம் கீரை மசியல் கேட்டால், "ஒரு ஆளுக்கு ஒரு கரண்டி. அடுத்து!" கரண்டி சட்டியில் இடிக்கும் சத்தம் தெருவரை கேட்கும். அதே மனிதர்தான் சாயங்காலம் வீட்டில், கடுகளவு வாய் ஒன்று இறாலைத் துப்பிவிட்டால், "என்னடா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்கிறார்.

மாதத்துக்கு ஒருமுறை பக்கத்து ஊரான லேரில் பவளக்காரர்களின் சங்கம் கூடும். அது இரண்டு கட்சியாகப் பிளந்து கிடக்கிறது. ஒரு கட்சி தூவுகிறவர்கள்: பொடியைத் தண்ணீரில் கொட்டிவிட்டு, பங்கீட்டை நீரோட்டத்திடம் ஒப்படைப்பவர்கள். மற்றது ஊட்டுகிறவர்கள். தலைவர் ஹாப்போவோ இரண்டையும் சேர்த்து நக்கலடிப்பார்: "மீனுக்கு நீ போடு, பவளத்துக்கு மீன் போடும். எதுக்குய்யா இவ்வளவு பாடு?" மென்னோ கொதித்துப்போவார். "என் வீட்டுப் பவளம் அடுத்தவன் கழிவத் தின்னு வாழாது!" இந்த வாக்கியத்தை அவர் மனைவி தாலேயா விருந்தாளிகள் முன்பாகவும் கேட்டிருக்கிறார், சாப்பிடும் நேரத்தில்.

தாலேயா தபால் நிலையத்தில் வேலை பார்த்தவர். அந்த வீட்டில் அவருடைய உரிமைகள் சொற்பம். குளிர்பெட்டியின் கீழ்த்தட்டு அவருடையது, மேல்தட்டு பவளங்களுடையது. அங்கே பாசி நிறைந்த பச்சை பாட்டில் ஒன்று எப்போதும் இருக்கும். அவருடைய அண்ணன் ஹார்ம் ஒருநாள் அதைக் கீரைச் சாறு என்று நினைத்து மடமடவென்று குடித்துவிட்டார். ஹார்முக்கு ஒன்றும் ஆகவில்லை, கொஞ்சம் தெம்பாக இருப்பதாகக்கூடச் சொன்னார். மென்னோவுக்குத்தான் சோறு இறங்கவில்லை. "அதுங்களோட பங்கு போச்சே!"

இப்படிப்பட்ட வீட்டில்தான் பிப்ரவரியில் தாலேயா வழுக்கி விழுந்தார். தண்ணீர் மாற்றும்போது குழாய் நழுவி, சமையலறைத் தரையெங்கும் உப்புத் தண்ணீர். துணிக்கூடையோடு வந்தவருக்குத் தெரியவில்லை. இரண்டு கைகளையும் ஊன்றி விழுந்தார். இரண்டு மணிக்கட்டும் முறிந்தன. "மென்னோ!" என்று கத்தியதற்கு உள்ளேயிருந்து வந்த பதில் இது: "இரு, பாட்டிலக் கவுத்துட்டு வந்துடறேன்."

வந்தார். வந்து, பதறி, அழுது, ஆம்புலன்சைக் கூப்பிட்டு எல்லாம் செய்தார். ஆனால் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டு வந்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு கையிலும் மாவுக்கட்டோடு திரும்பிய தாலேயாவுக்குப் பகலில் உதவ நர்ஸ் வந்துபோனாள். சாயங்காலச் சாப்பாடு மென்னோவின் பொறுப்பு. முதல் நாள் அவர் ஊட்டிய விதத்தைத் தாலேயா மறக்கவே மாட்டார். கேண்டீன் கரண்டிக்குச் சற்றே இளைய கரண்டி. நிறையச் சூப். முந்தையது தொண்டையில் இறங்குமுன் அடுத்தது மூக்குக்கு நேராக நின்றது. கண் மட்டும் தொட்டிப் பக்கம்.

"அடுத்து..."

"மென்னோ, எனக்குப் பின்னாடி வரிசையில யாரும் நிக்கல."

"இல்ல, அதுங்க தொறக்கிற நேரம்..."

"நானும் வாயத் தொறந்துட்டுத்தான் இருக்கேன். பாத்தியா?"

அவர் பார்த்தார். பார்த்துவிட்டு, இன்னும் வேகமாக ஊட்டினார்.

ஓல்டன்பர்க்கில் இருக்கும் மகள் இம்கே போனில் எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். "அம்மா, ஞாயித்துக்கெழம கார் எடுத்துட்டு வரேன். கட்டு பிரிக்கிறவரைக்கும் எங்கிட்ட இரு. ஏன், அதுக்கப்புறமும் இரு. அவர் அந்த மீன்தொட்டியோட குடும்பம் நடத்தட்டும்."

போன் ஒலிபெருக்கியில் இருந்தது. "மீன்தொட்டி இல்ல, பவளத்தொட்டி," என்றார் மென்னோ. தாலேயா காத்திருந்தார், வேறு ஏதாவது சொல்வார் என்று. பிறகு, "வா, இம்கே. வந்துடறேன்," என்றார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். புது உணவு எதையோ சங்கத்தில் யாரோ கொடுத்திருந்தார்கள். அதன் வாசத்துக்கு எல்லா வாயும் ஒன்றுவிடாமல் திறந்துகொண்டன. வாங்கிவந்த நாளிலிருந்து அப்படி ஒருபோதும் திறந்ததில்லை. "தாலேயா, இங்க பாரேன்! எல்லாமே! எல்லாமே தொறந்திருச்சு!" என்று கிசுகிசுத்தார் மென்னோ, சத்தம் போட்டால் மூடிக்கொள்ளும் என்று.

தாலேயா சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் உருளைக்கிழங்கு சூப். ஆடை கட்டத் தொடங்கியிருந்தது. அவர் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் என்ன பதில் வரும் என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை வரை அதைக் கேட்காமலே இருந்துவிடலாம் என்று தோன்றியது. பசித்தது. கட்டுப்போட்ட கைகளை மேசையின் இருபுறமும் வைத்துக்கொண்டு, குனிந்து, கிண்ணத்தின் விளிம்பில் உதட்டை வைத்து உறிஞ்சினார். சூப் முகவாயில் வழிந்தது. நரைத்த முடிக்கற்றை ஒன்று கிண்ணத்துக்குள் விழுந்தது; அதை எடுத்துவிடக் கையில்லை. இன்னொரு முறை உறிஞ்சினார்.

நிமிர்ந்தபோது மென்னோ எதிரே நின்றிருந்தார். பிப்பெட் கையில் காலியாக இருந்தது. உள்ளே இருந்ததையெல்லாம் ஒரே பீச்சாகத் தண்ணீரில் கொட்டிவிட்டு வந்திருக்கிறார், தூவுகிற கட்சிக்காரன்போல. பாட்டில் கவிழ்க்கப்படாமல் தொட்டிமேல் கிடந்தது. வரி இறால் அதற்குள் வேலையை ஆரம்பித்துவிட்டது.

"தொட்டிக் கண்ணாடியில தெரிஞ்சுது," என்றார். "நீ... குனிஞ்சது."

தாலேயா முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாயைத் திறந்தால் அழுதுவிடுவோம் என்று பயம்; இந்த ஆள் முன்னால் அழுவதற்கு அவருக்கு இஷ்டமில்லை.

மென்னோ சோப்புப்போட்டுக் கையைக் கழுவினார். மோந்து பார்த்தார். மறுபடி கழுவினார். துண்டை நனைத்துவந்து மனைவியின் முகவாயைத் துடைத்து, முடிக்கற்றையைத் துடைத்து, காதுக்குப் பின்னால் செருகினார். சூப்பைச் சுடவைத்து, நாற்காலியை இழுத்துப்போட்டு, தொட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பால் குடிக்கிற குழந்தைக்கு எடுப்பதுபோலக் கரண்டி நுனியில் கொஞ்சம் எடுத்தார்.

"வாசம் காட்டலையா?" என்றார் தாலேயா.

மென்னோ கரண்டியை அவர் மூக்கருகே கொண்டுபோனார். கிண்டல் என்று அவருக்குப் புரியவேயில்லை. தாலேயாவுக்குச் சிரிப்பு வந்து, சூப் புரையேறி, மென்னோவின் சட்டை முழுக்கத் தெறித்தது. மென்னோ மனைவியின் முதுகைத் தட்டிக்கொடுத்தார். தொட்டிப் பக்கமிருந்து ஏதோ உருளும் சத்தம் கேட்டது. அவர் கழுத்து விறைத்தது, திரும்பவில்லை.

மறுநாள், ஒரேயடியாகக் கொட்டிய தீனியில், தண்ணீர் பால்போலக் கலங்கியிருந்தது. சூரியப் பவளம் மொத்த வாயையும் இறுக்கி மூடிக்கொண்டு கோபித்துக் கிடந்தது. ஓரத்தில் சில வாய்கள் பிறகு திறக்கவே இல்லை. தலைவர் ஹாப்போ போனில், "இதுக்குத்தான் மீனுக்குப் போடுன்னு சொன்னேன்," என்று ஆரம்பித்தார். மென்னோ சண்டைகூடப் போடவில்லை. "அப்புறம் பேசறேன், ஹாப்போ. வீட்ல சாப்பாட்டு நேரம்."

ஞாயிற்றுக்கிழமை இம்கே வந்தாள், சண்டைக்குத் தயாராக, காலிப் பெட்டியோடு. மதியத் தேநீருக்கு மூவரும் உட்கார்ந்தார்கள்.

"கெளம்பலாமா, அம்மா?"

"இப்ப வேணாம். அடுத்த வாரம் பாக்கலாம்."

"என்ன, அப்பா மிரட்டினாரா?"

"அவரா? கேண்டீன்லகூட அவருக்கு யாரும் பயப்படறதில்ல."

"பயப்படறாங்க," என்றார் மென்னோ.

இம்கே விடவில்லை. அப்பாவுக்கு என்னென்ன தெரியாது என்பதை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். அந்த ஊரில் தேநீரைக் கலக்குவது குற்றம். மேலே பாலாடை, நடுவில் கசப்பு, அடியில் கற்கண்டு என்று அந்த வரிசையில்தான் குடிக்கவேண்டும். மென்னோ மகளுக்குத் தலையாட்டியபடியே மனைவியின் கோப்பையைப் பிடித்திருந்தார். உதடு விலகும்போது விலக்கி, நெருங்கும்போது சாய்த்து. கடைசி மிடறும் முடிந்தது. அடியில் கற்கண்டு பாதி கரைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. மகள் பேசிக்கொண்டே இருந்தாள். மென்னோ கோப்பைக்குள் இரண்டு விரலை விட்டு, அந்தக் கற்கண்டைப் பெயர்த்தெடுத்து, சொட்டாமல் மறுகையைக் கீழே ஏந்தியபடி, தாலேயாவின் வாய்க்கு நேராகக் கொண்டுபோய்க் காத்திருந்தார்.