சந்தனப் பாவில் விழுந்த உமிக்கரி

மார்கழி விடியலில் ஆரணியில் கதவைத் திறந்ததும் முதலில் மூக்கில் ஏறுவது அவித்த நெல்லின் வாடை. அதன் பின்னாலேயே தொண்டையைக் கமற வைக்கும் உமிப்புகை. எழுபதுகளில் ஊரைச் சுற்றியிருந்த அரிசி ஆலைகள் உமியை எரித்துத்தான் நெல் அவித்தன. எரிந்த உமி கறுப்புத் துகளாகப் புகைபோக்கி வழியே கிளம்பி, காயப் போட்ட வேட்டி, மூடாத குடம், எண்ணெய் வைத்த தலை என்று இடம் பார்த்து உட்காரும். எங்கள் நெசவாளர் தெருவில் அதற்குக் "கரிக்கொசு" என்று பெயர்.

ஆடி மாதக் காற்று அதை வாரிக்கொண்டு போய்ச் சேவூர்ப் பக்கம் கொட்டிவிடும். திட்டுவது அவர்கள் பாடு. பனிக்காலத்தில் அப்படியில்லை. இரவில் நிலம் குளிர்ந்துபோக, மேலே வெதுவெதுப்பான காற்று மூடி போட்டதுபோல் உட்கார்ந்துகொள்ளும், கீழே மாட்டிய புகைக்குப் போக்கிடம் இருக்காது என்பதெல்லாம் நான் கல்லூரியில் படித்துத் தெரிந்துகொண்டது. தெருவுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே வழக்கம்தான். சேலையின் நீள இழைகளான பாவைத் தெருவில் இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவுவதற்கு முன், ஆலைப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று அண்ணாந்து பார்ப்பார்கள். பனி மூடிப் புகைபோக்கி தெரியாத நாளில், வெயில் வரும்வரை பாவில் கை வைக்க மாட்டார்கள்.

அப்படி ஒரு வருஷம் தை மாதம் அக்காவுக்குக் கல்யாணம். ஊருக்கெல்லாம் முகூர்த்தப் புடவை நெய்த அப்பா, தன் பெண்ணுக்கென்று நெய்யப்போகும் முதல் புடவை அது. எதையும் வாய்விட்டுக் கேட்டுப் பழக்கமில்லாத அக்கா, சந்தன நிறம் வேண்டும் என்று கேட்டிருந்தாள். நாள் நெருங்கிக்கொண்டிருந்ததால் அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டார்.

"காத்து கம்முனு கீது. காத்தே இல்லாதப்ப கரி எங்கேர்ந்து வரும்? ஜல்தி வாங்க, விரிச்சிடலாம்."

இழை சிக்காமல் இருக்கக் காற்று அடங்கியிருக்க வேண்டும் என்பது நெசவுக்காரர் கணக்கு. அந்தக் கணக்கைக் கரிக்கும் சேர்த்துப் போட்டுவிட்டார். கஞ்சி தடவி முடிந்தபோது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பனி விலகி வெயில் வந்ததும்தான் ஈரப் பாவு முழுக்க எள் தூவியதுபோல் கிடந்தது தெரிந்தது. யாரோ துடைக்கக் கை நீட்ட, "தொடாதீங்க, ஈஷிக்கும்" என்றாள் அம்மா. அதற்குள் ஈஷிவிட்டது. அலசிப் பார்த்தும் சாம்பல் நிறம் போகவில்லை. கல்யாணப் புடவையில் கறுப்பு ஆகாது. வேறு வழியில்லாமல் அப்பா பாவைச் சாயக்காரரிடம் கொடுத்து அரக்கு நிறத்தில் தோய்த்து வாங்கினார். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. அக்கா ஒன்றும் சொல்லவில்லை என்பதே எனக்கு அப்போது பெரிய ஆறுதலாக இருந்தது.

முகூர்த்தமும் பனி விலகாத விடியலில்தான். பந்தலைச் சுற்றிப் புகை தேங்கி நின்றது. வந்தவாசியிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டாரின் வெள்ளை வேட்டிகளெல்லாம் புள்ளி புள்ளியாகிவிட்டன. "என்னா ஊருப்பா இது, பேஜாரா கீது" என்று ஒருவர் தட்டிக்கொண்டிருக்க, மாப்பிள்ளையின் அம்மா, கரி விழுந்தும் தெரியாத அந்த அரக்கு நிறத்தைப் பார்த்து, "பொண்ணு புடவை ஒண்ணுதான் சுத்தமா கீது. வெவரமான வூடு" என்றார். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். எங்கள் வீட்டில் அது பல வருஷம் சிரித்துச் சிரித்துச் சொன்ன கதை.

எங்கள் தெருவில் இப்போது கரிக்கொசு விழுவதில்லை. அண்ணாந்து பார்த்துப் பாவு விரிப்பவர்களும் இல்லை. பனிக்காலத் தூசு மட்டும் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத பொடியாக. போன மார்கழியில் அக்கா வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, வழக்கம்போல் இந்தக் கதையை எடுத்தேன். எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு அக்கா என்னிடம் கேட்டாள்.

"அந்தப் புடவைய நான் மறுபடி கட்டி நீ எப்பனா பாத்துகிறியா?"

யோசித்துப் பார்த்தேன். பார்த்ததில்லை.