காலையில் இல்லை, மாலையில் எலுமிச்சை

புரட்டாசி முதல் வெள்ளிக்கிழமை, மாலை நாலு பத்துக்கு, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபோது எனக்கு அடியில் ஏதோ இருந்தது. எழுந்து பார்த்தேன். பெஞ்சில் ஒன்றும் இல்லை. மறுபடி உட்கார்ந்தேன், மறுபடி இருந்தது. அது பெஞ்சில் இல்லை, என்னிடம்தான் இருக்கிறது என்று கண்டுபிடிக்க மூன்று முறை உட்கார்ந்து எழ வேண்டியிருந்தது.

"இன்னா போஸ்ட்மாஸ்டரே, தோப்புக்கரணம் போடறீங்க?" என்றார் டீக்கடைக்காரர்.

அந்த வருடம் மாசியில்தான் எனக்கு மலக்குடலில் இருந்த கட்டியை எடுத்திருந்தார்கள். கட்டியோடு மலக்குடலும் ஆசனவாயும் போயின. கீழே தைத்து மூடிவிட்டு, வயிற்றில் இடது பக்கம் வழி வைத்து ஒரு பையை மாட்டி அனுப்பினார்கள். தைத்து மூடிய அந்த இடத்தில் ஏழு மாதம் கழித்து ஒரு வீக்கம் என்றால் எனக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான் தெரிந்தது. கட்டி திரும்பி வந்துவிட்டது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து என் மனைவி என்னிடம் மிகவும் மென்மையாக நடந்துகொண்டாள். அது எனக்குப் பயமாக இருந்தது. ஆவணியில்தான் மறுபடி பழையபடி சண்டை போடத் தொடங்கியிருந்தாள். அவளை மீண்டும் மென்மையாக்க எனக்கு மனம் வரவில்லை. ஆகவே நாட்குறிப்பில் எழுதினேன். எங்கள் மலைக்கு எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, மழை எப்போது பிடித்தது, எப்போது விட்டது என்று நாற்பது ஆண்டாக எழுதி வருபவனுக்கு இதுவும் எழுத வேண்டிய சங்கதிதானே. அளவு குறிக்கக் காய்களைத் துணைக்கு வைத்துக்கொண்டேன். முதல் வாரம் நெல்லிக்காய். மூன்றாம் வாரம், 'காலையில் இல்லை, மாலையில் எலுமிச்சை.' ஐந்தாம் வாரம் சாத்துக்குடி.

படுத்தால் மறைகிறது, நின்றால் வருகிறது, தொட்டால் உள்ளே குடகுடவென்று சத்தம். இவ்வளவையும் தேதி, கிழமை, மணியோடு எழுதியவன், கட்டி என்பது படுத்தால் மறையுமா என்று ஒரு வரி யோசிக்கவில்லை. செங்கத்துப் பழைய புத்தகக் கடையில் வாங்கிய மருத்துவ நூல் ஒன்று வீட்டில் இருந்தது. அதில் கட்டி திரும்பி வருவது பற்றிய அத்தியாயத்தை மூன்று முறை படித்தேன். அடுத்த அத்தியாயம் குடலிறக்கத்தைப் பற்றியது. அந்தத் தலைப்பைப் பார்த்ததும், நமக்கு வேண்டாதது என்று மூடிவிட்டேன்.

பிறகு சாவுக்குத் தயாரானேன். என் மரண அறிவிப்பை நானே நல்ல கையெழுத்தில் எழுதி, தேதிக்கு மட்டும் இடம் விட்டேன். தேதி இல்லாத காகிதத்தை மடித்து வைப்பது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. சாவைவிட அந்தக் காலி இடம்தான் என்னை அதிகமாகத் தொந்தரவு செய்தது.

நாற்பத்து மூன்றாம் நாள் படவேட்டில் ஒரு புதுமனை புகுவிழா. எங்களை ஒவ்வொருவராக பஸ் நிற்கும் இடத்துக்குக் கொண்டுபோய் விட என் மைத்துனன் பைக்கோடு வந்தான்.

"ஏறு மாமா, பஸ் போய்டும்."

"நான் நடந்தே வர்றேன்."

"இன்னா மாமா, மூலமா?"

"மூலம் வர்றதுக்கு எனக்கு எடமே இல்லியே மாப்ள."

அவன் சிரித்தான். என் மனைவி சிரிக்கவில்லை. என்னை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். "காட்டுங்க" என்றாள்.

படுத்துக் காட்டினேன். வழக்கம்போல் அது மறைந்துவிட்டது.

"எங்க? ஒண்ணையும் காணமே."

"நின்னாதான் வரும்."

"நில்லு."

நின்றேன். வந்தது.

"படு."

போய்விட்டது.

"இது இன்னாய்யா, நத்தையா?" கோபம் வந்துவிட்டால் அவளிடம் 'ங்க' போய்விடும். நிற்க வைத்து, இருமச் சொல்லி, உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தாள். "கொடல் எறங்கியிருக்குது. நம்ம வெள்ளாட்டுக்கு எறங்குச்சே, அதே மாதிரி. எத்தினி நாளா?"

நாட்குறிப்பை எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே ஒரு பக்கம் படித்தாள். "சாத்துக்குடியாம், சாத்துக்குடி. படிச்சவன் மாதிரியா பண்ணியிருக்கிற?" என்று சொன்னவள் அந்தப் பக்கத்தையே இன்னொரு முறை படித்தாள். அவளுக்கும் அதே பயம்தான். ஆட்டை உதாரணம் காட்டி அதை அடக்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை மலையிறங்கிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அறுவை மருத்துவர் இளம்பெண். பரிசோதித்து, ஸ்கேனும் எடுக்க வைத்துப் பார்த்துவிட்டு என் கோப்பை வாங்கிப் புரட்டினார்.

"ஐயா, இது போன தடவ நாங்க குடுத்த பேப்பர். உக்காரும்போது அடியில வீக்கம் தெரிஞ்சா உடனே வரணும்னு ரெண்டாம் பக்கத்துல எழுதியிருக்கோமே?"

இருந்தது. மேலே என் கையெழுத்தில் பெற்றுக்கொண்ட தேதி, நேரம், வரிசை எண் எல்லாம் இருந்தன. நான் அதைப் படிக்கவில்லை. கிளை அஞ்சலகத்தில் என் வேலை காகிதத்தை வாங்கி, தேதி முத்திரை குத்தி, பத்திரமாக வைத்து, உரியவரிடம் சேர்ப்பது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பது தவறு. இந்தக் காகிதத்துக்கு உரியவன் நான்தான் என்பது அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

"கட்டி எடுத்த எடம் காலியா இருக்குல்ல, அதுல சிறுகுடல் எறங்கி வந்துடுச்சு" என்றார் மருத்துவர். "அது மாட்டிக்கிச்சுன்னா உயிருக்கு ஆபத்து. இத்தனை நாள் நீங்க தப்பிச்சதே பெரிசு."

"அப்ப கட்டி இல்லியாம்மா?" என்று கேட்டது என் மனைவி.

"ஸ்கேன்ல தழும்பு ஓரமா ஒரு எடம் தடிப்பா தெரியுது. தழும்பாவே இருக்கலாம். ஆபரேஷன் பண்ணும்போது அதையும் எடுத்து டெஸ்டுக்கு அனுப்புறோம். அது வர்ற வரைக்கும் என்னால உறுதியா சொல்ல முடியாதும்மா."

அந்த வாரமே அறுவை நடந்தது. குடலை மேலே ஏற்றி, கீழே ஒரு வலையை விரித்துத் தைத்தார்கள். பள்ளத்தை நிரப்பப் பிட்டத்துச் சதையைத் திருப்பி வைத்தார்கள். ஆறு வாரம் உட்காரவே கூடாது, ஒருக்களித்துப் படுக்கலாம், நிற்கலாம் என்று உத்தரவு. ஆயுள் முழுக்க உட்கார்ந்து எழுதியவன் ஜன்னல் கட்டையில் நோட்டை வைத்து, வார்டுக்கே பாடம் நடத்துகிறவனைப் போல நின்று எழுதினேன். சோதனை முடிவு வராத பத்து நாளும் என் மனைவி என்னோடு ஒரு சண்டையும் போடவில்லை. காப்பியைக்கூட ஆற்றிக் கொடுத்தாள். அதை மட்டும் நோட்டில் எழுதவில்லை.

பதினோராம் நாள் காலை மருத்துவர் எங்களை வராந்தாவில் கண்டு நின்றார். "ரிசல்ட் வந்துடுச்சு. வெறும் தழும்புதான். வேற ஒண்ணும் இல்ல."

நான் மணி பார்த்தேன். ஒன்பது இருபது. என் மனைவி பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடி அழுதாள். பக்கத்தில் உட்காரலாம் என்றால் எனக்குத் தடை. என்ன செய்வதென்று தெரியாமல் கொடிக்கம்பம் மாதிரி நின்றேன்.

தரை துடைத்துக்கொண்டு வந்த அம்மா, "இன்னா பெரியவரே, வழியில நிக்கறீங்க? அந்தம்மா அழுவுது, பக்கத்துல குந்துங்களேன்" என்றார்.

"அவரு குந்தக் கூடாது" என்றாள் என் மனைவி, மூக்கைச் சிந்திக்கொண்டு. பிறகு எங்கே வீங்கியது, எந்தக் காய் அளவு வீங்கியது, யாருக்கும் தெரியாமல் நான் எத்தனை நாள் மறைத்தேன் என்பதையெல்லாம் வராந்தா முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். "இப்ப ஒண்ணும் இல்லன்னுட்டாங்க" என்று முடித்தாள். பக்கத்து பெஞ்சில் இருந்த பெண் ஆரம்பத்தை விட்டுவிட்டாளாம், அவளுக்காக இன்னொரு முறை. மைத்துனனுக்குப் போனில் மூன்றாவது முறை. நான் கண்காட்சிப் பொருளாகப் பக்கத்திலேயே நின்றேன். அவர்கள் பார்வை போன இடத்தை நினைத்து வெட்கம் தாங்கவில்லை. ஆனாலும் அவள் போனை வைத்தபோது, இன்னும் யாருக்காவது சொல்லமாட்டாளா என்று இருந்தது. அந்தக் கடைசி வரியை எனக்கு நாலாவது முறையும் கேட்க வேண்டும்போல் இருந்தது.