நீதிபதியும் சாகாத நொதியும்

ஆய்வகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நீதிபதி என்றால்தான் தெரியும். பத்தொன்பது வருடங்களாக மூலை அறையில், ஒளியை அளக்கும் கருவி ஒன்றின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். மற்றவர்கள் மாதக்கணக்கில் முட்டி மோதிப் பிரித்தெடுத்துக் கொண்டுவரும் நொதிகளுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது அவர் உத்தியோகம். கலவையில் ஒரு சொட்டு நொதியை விடுவார். திரையில் கோடு சரிந்தால் "இருக்கு" என்பார். நேராகவே போனால் "போச்சு" என்பார். அதற்குப் பிறகு மேல்முறையீடு கிடையாது.

இந்தக் கெத்தெல்லாம் ஆய்வகத்து வாசலோடு சரி. வீட்டில் பால் திரிந்துவிட்டதா என்று பார்க்கக்கூட மனைவி அவரை நம்புவதில்லை. தானே முகர்ந்து பார்த்தால்தான் அந்த அம்மாளுக்கு நிம்மதி. அதனாலோ என்னவோ, மனிதர் வேலைக்கு வந்ததும் நெஞ்சைக் கொஞ்சம் கூடுதலாகவே நிமிர்த்திக்கொள்வார்.

அன்று காலை ஆராய்ச்சி மாணவி ஒருத்தி ஐஸ் பெட்டியோடு வந்து நின்றாள். பெட்டிக்குள் விரல் நுனியளவு குழாய். அதில் நான்கு மாத உழைப்பு. லாக்டேட் டீஹைட்ரஜனேஸ் என்று அந்த நொதிக்குப் பெயர். ஓடிக் களைத்த தசையில் லாக்டேட்டை உண்டாக்குவதும் இதே வகைதான். அந்த ஆய்வகத்துக்கு அதுவரை வந்ததெல்லாம் விலங்குத் தசையிலிருந்து எடுத்தது. இவள் எடுத்தது பாக்டீரியாவிலிருந்து. இதுவும் சொதப்பினால் படிப்பை மூட்டை கட்டிவிட்டு அக்காவின் துணிக்கடையில் வந்து உட்கார வேண்டியதுதான் என்று வீட்டில் கெடு வைத்திருந்தார்கள்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சொட்டு விட்டார். கோடு அசையவில்லை. இன்னொரு சொட்டு. அது பாட்டுக்கு நேராகப் போனது.

"போச்சும்மா."

"நல்லா பாத்தீங்களா அண்ணா?"

"என்னைப் பாத்து இந்தக் கேள்வியா?"

அவள் குழாயைத் தூக்கிப் போட மனசு வராமல் அவர் மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனாள். அவருக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் தீர்ப்பு தீர்ப்புதானே?

மதியம் மச்சினன் போனில் பிடித்தான். அவனும் வேறொரு ஆய்வகத்தில் இதே தொழில். மனைவியின் தம்பி என்பதால் பொறுத்துக்கொள்கிறாரே தவிர, அவனிடமிருந்து எதையாவது கற்றுக்கொள்வதைவிடப் பட்டினி கிடக்கலாம் என்பது அவர் கட்சி.

"இன்னிக்கு ஒண்ணு அவுட்டு மாப்ள. பாக்டீரியா சரக்கு. கோடு ஒரு நூல்கூட இறங்கல."

"சர்க்கரை போட்டீங்களா அத்தான்?"

"என்னது? காப்பியா கலக்கறோம்?"

"ஐயோ, பாஸ்பேட் ஒட்டின சர்க்கரை அத்தான். பாக்டீரியாவுல இருந்து வர்றதுல பல பேர் அது இல்லாம எந்திரிக்கவே மாட்டாங்க. தசையில இருந்து வர்றது நல்ல பிள்ளை, சும்மாவே வேலை செய்யும். இதுங்களுக்குக் கையில ஏதாவது வெச்சாத்தான் ஃபைல் நகரும். இது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும், தெரியும். உனக்குத் தெரியுதான்னு பாத்தேன்" என்று போனை வைத்தார்.

பக்கத்து அறை அலமாரியில் அந்தச் சர்க்கரை இருந்தது. துளி எடுத்துக் கலவையில் சேர்த்து, மாணவி விட்டுப்போன குழாயிலிருந்து ஒரு சொட்டு விட்டார். கோடு படியில் கால் தவறியதுபோல் சரிந்தது.

சந்தோஷம் அரை நிமிஷம்தான். உடனே மூளை குறுக்கே ஓடியது. கலவைப் புட்டியிலேயே சர்க்கரையைச் சேர்த்துவிட்டு, "எதுக்கும் இன்னொரு தரம் பாப்போமே" என்று பெரிய மனசு பண்ணினால்? நொதியும் பிழைக்கும், பத்தொன்பது வருடத்துப் பெயரும் பிழைக்கும். அப்படியே செய்துவிட்டு, முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு அவளைத் தேடிப் போனார்.

அவள் மேஜை துடைத்துவிட்டதுபோல் காலியாக இருந்தது. படிப்பை விடுவதாக எழுதிய கடிதத்தோடு பேராசிரியர் அறையை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.

"எதுக்கும் இன்னொரு தரம் பாப்போமேம்மா."

"வேணாம் அண்ணா. மத்தவங்க சொல்லியிருந்தா நானே பத்து தரம் பாத்திருப்பேன். நீங்க சொன்னப்புறம் என்ன இருக்கு? என் கைதான் சரியில்ல."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவருக்கு, இப்படி நம்பித் தொலைக்கிறாளே என்று அவள்மேலேயே கோபம் வந்தது. அப்புறம் விறுவிறுவென்று அவரும் உள்ளே நுழைந்தார்.

"சார், அந்தக் கடிதத்தை வாங்காதீங்க. அது சாகல. எனக்குத்தான் பாக்கத் தெரியல. சர்க்கரை போடணும்னு என் மச்சினன் சொன்னான்."

மச்சினன் என்ற சொல் வெளியே வந்தபோதுதான் அவருக்கு உண்மையிலேயே வலித்தது.

மாணவி தன் கையாலேயே சொட்டு விட்டுப் பார்த்தாள். கோடு சரிந்தது. சிரித்தாள், அழுதாள், "அண்ணா, உங்களை..." என்று ஆரம்பித்து முடிக்காமல் கடிதத்தை நாலாகக் கிழித்தாள்.

செய்தி சாயங்காலத்துக்குள் மூன்று மாடியும் ஏறி இறங்கிவிட்டது. மறுநாள் காலை நீதிபதி வந்தபோது மூலை அறை வாசலில் கூட்டம். எல்லார் கையிலும் ஐஸ் பெட்டி. போன வருஷம் போச்சு என்றது, மூன்று வருஷம் முன்னால் போச்சு என்றது எல்லாம் உறைபெட்டிகளின் அடியிலிருந்து எழுந்து வந்திருந்தன. கடைசி ஆளாகப் பேராசிரியர் நின்றார். அவர் குழாயின்மேல் எழுத்து பாதி அழிந்திருந்தது.

"ஒன்பது வருஷம் ஆச்சு. இதனால ஒரு ஆராய்ச்சித் தலைப்பையே விட்டுட்டேன்" என்று தயங்கித் தயங்கி நீட்டினார். "இது போச்சா, இருக்கா?"

நீதிபதி குழாயை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"தெரியல சார்" என்றார்.

அவர் அப்படிச் சொல்லி அங்கே யாரும் கேட்டதில்லை.