பூட்டிய கக்கூஸ்

எண்பதுகளின் நடுவில், அரூர் ரோட்டில் புதிதாக வந்த தனியார் கல்லூரியில் கூட்டிக் கழுவும் வேலைக்குச் சேர்ந்தேன். அதற்கு முன்னால் ஒரு அரசாங்கக் கல்லூரியில் தினக்கூலியாக இதே வேலைதான். அங்கே பெண்கள் கக்கூஸ் நாறும். அத்தனை பிள்ளைகள் போய்வந்தால் நாறாமல் என்ன செய்யும்? கழுவிக்கொண்டேதான் இருப்பேன்.

இங்கே நாறாது. வெள்ளை ஓடு பதித்த கக்கூஸ். பூட்டியே கிடக்கும். சாவி மேனேஜரிடம். பல்கலைக்கழகத்திலிருந்து கமிட்டி வந்து பார்த்து, சரி என்றால்தான் கல்லூரிக்கு அனுமதி. அதுவரை புதுசாகவே இருக்க வேண்டுமாம். பெண் பிள்ளைகள் பின்னால் கருவேலங்காட்டுக்குப் போனார்கள். பையன்கள் மதில்மேல் உட்கார்ந்து விசில் அடித்தார்கள்.

இண்டூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி. அவள் வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் படி ஏறியவள். காட்டுக்குப் போக மாட்டாள். அதனால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்க மாட்டாள்.

“நீர் போறப்ப எரியுதுக்கா” என்றாள் ஒருநாள்.

“தண்ணி குடி புள்ள.”

“குடிச்சா எங்க போறது? கமிட்டி எப்ப வருதுன்னு சொல்லுக்கா. அதுவரைக்கும் சேத்து வெக்கிறேன்.”

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேனேஜரிடம் போய்ச் சாவி கேட்டேன்.

“ஏம்மா, கமிட்டி வர்றப்ப நாறுச்சுன்னா காலேஜையே இழுத்து மூட வேண்டியதுதான். நீ சோத்துக்கு எங்க போவ?”

கமிட்டி வந்த அன்று அந்தப் பெண்ணைத்தான் வாசலில் பன்னீர் தெளிக்க நிறுத்தினார்கள். காலையிலிருந்து நின்றாள். கமிட்டி மத்தியானம்தான் வந்தது. கக்கூஸைத் திறந்துவிட்டார்கள். கமிட்டியில் இருந்த அம்மா எட்டிப் பார்த்தார்.

“அரசாங்க காலேஜ்ல மூக்கைப் பொத்திக்கிட்டு வந்தேன். நிர்வாகம்னா இப்படி இருக்கணும்.”

“யாரும் உள்ள போறதில்லீங்கம்மா. பூட்டியே வெச்சிருக்காங்க” என்றேன்.

“அதான் சுத்தமா இருக்கு” என்று சிரித்துவிட்டு நகர்ந்தார்.

கார் கிளம்பியதும் அந்தப் பெண் பன்னீர்ச் செம்பை என் கையில் திணித்துவிட்டு ஓடினாள். மேனேஜர் அதற்குள் பூட்டிவிட்டார்.

“சார், ஒரே நிமிசம் சார்.”

“போட்டோ எடுக்க ஆள் வர்றாங்க. போ போ, அந்தப் பக்கம் போ.”

அவளால் முடியவில்லை. அந்தக் கதவுக்கு முன்னாலேயே பாவாடையை நனைத்துத் தரையில் ஓடியது. பையன்கள் பார்த்தார்கள்.

“சீ! தொடைச்சு வுடும்மா” என்றார் மேனேஜர் என்னிடம்.

துடைத்தேன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. அனுமதி வந்தது. எல்லோருக்கும் லட்டு. என் லட்டை நாய்க்குப் போட்டேன். பூட்டு அப்படியே தொங்கியது. திரும்பவும் கமிட்டி வருமாம்.

பிறகு அவள் அப்பா டி.சி. வாங்க வந்தார்.

“என்ன கேட்டாலும் வாயத் தொறக்க மாட்டேங்குதுங்க. படிப்பு வேண்டாங்குது.”

“பொம்பளப் புள்ளைங்களே இப்படித்தாங்க. பாதியில நின்னுடுதுங்க” என்றார் மேனேஜர்.

நடந்ததை நான் சொன்னேன். மேனேஜர் எதிரிலேயே சொன்னேன்.

அவள் அப்பா எழுந்து அந்தக் கதவு வரைக்கும் போனார். பூட்டைப் பிடித்துப் பார்த்தார். பளபளவென்றிருந்த படியில் காறித் துப்பினார்.

“அதைத் தொடைச்சு வுடும்மா” என்றார் மேனேஜர் என்னிடம்.

நான் துடைக்கவில்லை.