கூட்டாமல், குறைக்காமல்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: ஜன்னல் பக்கக் கதிரையில் தெரபிஸ்ற், நரைத்த மயிரைக் கட்டையாய் வெட்டிய ஒரு வெள்ளைக்காரப் பெண். அவருக்குப் பக்கத்தில் மொழிபெயர்க்கும் அக்கா, மடியில் சின்னக் கொப்பி, காலடியில் பனிச் சப்பாத்துப் போட்ட பை. கதவுக்குக் கிட்ட நான். வேறு ஒருவரும் இல்லை. என் மடியில் ஒரு தாள் இருந்தது. ஒன்பது கேள்வி. கடந்த இரண்டு கிழமையில் நித்திரை எப்படி, பசி எப்படி, மனம் எப்படி என்று. நல்லதென்றால் பூச்சியம், மோசமென்றால் மூன்று வரை போடலாம். அக்கா ஒவ்வொன்றாய்த் தமிழில் வாசித்தார். நான் ஒன்பதுக்கும் பூச்சியம் போட்டேன்.

எனக்கு அது பழகின வேலை. கனடாவில், ஸ்காபரோவில் ஒரு களஞ்சியத்தில் பதினொரு வருடமாய் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தேன். காலையில் ஏற முன் ஒரு தாள் தருவார்கள். பிரேக், ஹோர்ன், ரயர் எல்லாம் பார்த்துச் சரி போட வேண்டும். நான் பாராமலே மேலிருந்து கீழ்வரை சரி போடுவேன். ஒரு நாள் வண்டியைப் பின்னுக்கு எடுக்கும்போது பின்னால் ஒரு ஆள் நின்றது தெரியவில்லை. கண் திறந்துதான் இருந்தது. நான்தான் அங்கே இல்லை. அவர் கத்தியதில் நிறுத்தினேன். ஒரு சாண் இடைவெளி. அதன் பிறகு இறங்க முடியவில்லை, கை ஸ்ரியரிங்கை விடவில்லை. வீட்டுக்கு அனுப்பினார்கள். தெரபிஸ்றின் கடிதத்தோடுதான் திரும்பி வரலாம் என்றார்கள். மனைவி பேக்கரியில் இரண்டு ஷிஃப்ற் செய்யத் தொடங்கினாள். எனக்கு வேண்டியது அந்தக் கடிதம். பூச்சியம் போட்டால் கெதியாய்க் கிடைக்கும் என்று நினைத்தேன்.

அக்கா மன்னார்ப் பக்கம். முதல் நாளே சொல்லிவிட்டார்: "தம்பி, இந்த அறைக்குள்ள நீங்கள் சொல்லுற எல்லாத்தையும் இவவுக்குச் சொல்லுவன். ஒண்டும் கூட்டமாட்டன், குறைக்கமாட்டன். வெளியில ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லமாட்டன்." ஓம் என்றேன். ஆனால் நம்பவில்லை. எங்கள் ஆட்கள் மொழிபெயர்க்க வந்தால் நமக்குச் சார்பாய்க் கொஞ்சம் திருத்திச் சொல்வார்கள், பிறகு கோயில் வாசல் வரைக்கும் கொண்டுபோவார்கள் என்பதுதான் எனக்குத் தெரிந்த உலகம். மூன்று கிழமையும் பிரச்சினை இல்லை என்பதையே விதம் விதமாய்ச் சொன்னேன்.

நாலாம் கிழமை தெரபிஸ்ற் கேட்டார், திரும்ப ஃபோர்க்லிஃப்ட்டில் ஏறினால் என்ன நடக்கும் என்று. நான் அக்கா பக்கம் சரிந்து குரலைத் தணித்தேன். "அக்கா, ஏறினா ஆருக்கும் மேலால ஏத்திப்போடுவனோ எண்டு பயமாக் கிடக்கு. உதை இவவுக்குச் சொல்லாதேங்கோ. எல்லாம் ஓகே எண்டு சொல்லி விடுங்கோ."

அக்கா நிமிர்ந்து இருந்து இங்கிலீஷில் சொல்லத் தொடங்கினார். எனக்கு இங்கிலீஷ் கதைக்க வராது, கேட்டால் விளங்கும். பயத்தைச் சொன்னார். சொல்லாதேங்கோ என்றதையும் சொன்னார். எல்லாம் ஓகே என்று சொல்லச் சொன்னதையும் சொன்னார்.

"என்னக்கா, நீங்கள் எங்கட ஆள் எல்லோ!" என்றேன்.

அதையும் சொன்னார், என் கோபம் குறையாமல்.

தெரபிஸ்ற் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. எனக்கும் வந்துவிட்டது. அக்கா மட்டும் பேனையோடு காத்திருந்தார். பிறகு தெரபிஸ்ற் கேட்டார், கடிதத்தை இன்றைக்கே எழுதினால் திங்கட்கிழமை ஏறுவீர்களா என்று. அந்த ஒரு சாண் ஞாபகம் வந்தது. இல்லை என்றேன். அங்கே நான் ஒளிக்காமல் சொன்ன முதல் உண்மை அது. மற்றவை அதன் பின்னால் வந்தன. மாதக்கணக்காய் நித்திரை இல்லாதது. வேலை முடிந்து வந்து பார்க்கிங்கில் ஒரு மணித்தியாலம் காருக்குள்ளேயே இருந்தது. ஊரில் நடந்தது கடைசியாய் வந்தது. அதை இங்கே எழுத மாட்டேன், சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லியாயிற்று. அன்று தாளைத் திரும்ப வாங்கிப் போட்டேன். கூட்டினால் இருபத்தேழுக்குப் பத்தொன்பது.

கடிதம் நாலு மாதம் பிந்தியது. உள்ளதைச் சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்தேன். போகவில்லை. அந்த நாலு மாதத்தில் ஒன்று விளங்கியது. தெரபிஸ்றுக்கு மரியாதை கொடுப்பது வேறு, அவருக்குத் தலையாட்டுவது வேறு. மூச்சை எண்ணச் சொன்னபோது எரிச்சல் வருகிறது என்று சொன்னேன். அவர் கோபிக்கவில்லை, எண்ணுவதை விட்டு நடக்கச் சொன்னார். நடை எனக்குச் சரிவந்தது. இன்னொரு பழக்கமும் இருந்தது. ஐம்பது நிமிடம் மழையைப் பற்றிக் கதைத்துவிட்டு, எழும்பிப் போகும்போதுதான் முக்கியமானதைச் சொல்வேன். ஒரு நாள் தெரபிஸ்ற் சொன்னது அக்காவின் வாயால் இப்படி வந்தது: "கதவில கை வைச்சுக்கொண்டு சொல்லுறதை, அடுத்த முறை கதிரையில இருந்தவுடன சொல்லுங்கோ." அதன் பிறகு, வரும்போது பஸ்ஸிலேயே பெரியதைத் தெரிவு செய்து வைப்பேன். இருந்தவுடன் அதைச் சொல்வேன்.

அக்காவைக் கடைசியாய்க் கண்டது ஸ்ரௌவ்வில்லில் ஒரு புதுவீட்டுக் குடிபூரலில். என்னைத் தெரியாதவர் போலக் கடந்து போனார். நான் எழும்பி நின்றேன்.

"ஆரப்பா உவ? எழும்பி நிக்கிறியள்," என்றாள் மனைவி.

அக்கா நின்றார். சொல்வதா விடுவதா என்பதை என்னிடமே விட்டுவிட்டார்.

"நான் தெரபிக்குப் போன நேரம் எனக்காகக் கதைச்ச அக்கா," என்றேன், பக்கத்து மேசைக்கும் கேட்க.

அப்போதுதான் சிரித்தார். "சுகமோ தம்பி?"

"ஓம். ஆனா முழுக்க இல்லை."

"அப்ப உண்மையாச் சுகம்தான்," என்றார்.

இப்போதும் ஃபோர்க்லிஃப்ட்தான் ஓட்டுகிறேன். காலையில் குனிந்து ரயரைப் பார்த்துவிட்டுத்தான் சரி போடுகிறேன். போன கிழமை குடும்ப டொக்ரரிடம் போனபோது அதே தாளைத் தந்தார்கள். அறையில் நான் மட்டும். கேள்விகளை வாசித்தால் அக்காவின் குரல்தான் கேட்கிறது. நித்திரைக்கு இரண்டு போட்டேன். களைப்புக்கு இரண்டு. மனத்துக்கு ஒன்று. மற்ற ஆறும் பூச்சியம், யோசித்துப் போட்ட பூச்சியம். கூட்டிப் பார்த்தேன்.

ஐந்து.